நெல்லைச் சீமைக்குப் புத்தகம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வரலாற்றுப் பிரியர்கள் படிக்க வேண்டிய நூல்கள் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டிருந்தீர்கள். உலகப் போர் இருந்தது, ரோமாபுரி இருந்தது, முகலாயரும் சோழரும் இருந்தார்கள். சந்தோஷம். கடைசிப் பத்தியில் ஒரு வரி: "தென்கோடி மாவட்டங்களின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழிக் கதைகளாகவே இருப்பதால், பரிந்துரைக்கும்படியான நூல்கள் அதிகம் இல்லை." எழுதியவர் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பிய உங்கள் மேல்தான் வருத்தம். உங்களுக்குத் தெரியாததா?

நான் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பட்டியல் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு சிலர் வருவார்கள். இந்த முறை ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "நம்ம ஊரப் பத்தி நல்ல புக்கே கெடையாதாம்லா அக்கா?" என்று கேட்டான். அவனுக்குச் சொந்த ஊர் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர். அந்த ஊர்ப் பிள்ளை அப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

இந்த மாவட்டத்து இடையன்குடியில் பாதிரியாராக இருந்த கால்டுவெல் 1881-லேயே திருநெல்வேலியின் சரித்திரத்தைத் தனிப் புத்தகமாக எழுதிவிட்டார். ஆதிகாலத்தில் தொடங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் சீமையை முழுதாக எடுத்துக்கொண்ட 1801 வரை வருகிறது. பாளையக்காரர் விஷயத்தில் அவர் கம்பெனி பக்கம் சாய்கிறார். அதைத் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும். ஆனால் பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையில் தானே நின்று மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் அவர். அப்புறம் 1917-இல் பேட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்த கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு. அதில் கடைசிப் பகுதியை எடுத்தால் ஊர் ஊராக வரும். தாத்தா ஊரைத் தேடிப் பார்க்கிறேன் என்று என் கடையில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போக நேரமாகும்.

டேவிட் லட்டன் 1985-இல் ஆங்கிலத்தில் எழுதிய தென்னிந்திய உழவர் வரலாறு முழுக்க முழுக்க எங்கள் சீமையைப் பற்றியது. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நஞ்சை, குளத்தை நம்பிய நிலம், மழையை மட்டும் நம்பிய புஞ்சை என்று பிரித்து, எந்த நிலத்தில் யார் வந்து குடியேறினார்கள், யார் கையில் அதிகாரம் போனது என்று ஏறக்குறைய ஆயிரம் வருடத்தைச் சொல்கிறார். ராஜாக்களை விட்டுவிட்டுத் தண்ணீரை வைத்து வரலாறு எழுதலாம் என்று எனக்குக் காட்டிய புத்தகம் அது. உலக வரலாறு என்று நீங்கள் போட்ட பெரிய புத்தகங்கள் எதற்கும் அது குறைந்ததில்லை.

வாய்மொழிக் கதை என்று ஒதுக்கினீர்களே, அதுதான் ரொம்ப வலித்தது. நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த நா. வானமாமலை கட்டபொம்மன் கதைப்பாடலையும், ஐவர் ராசாக்கள் கதையையும், கான்சாகிபு சண்டையையும் பதிப்பித்துக் கொடுத்தாரே, எதற்காக? வெள்ளைக்காரன் ஆவணம் மட்டுமே சாட்சி இல்லை, ஊர் பாடி வைத்ததையும் சோதித்துப் பார்க்கலாம் என்பதற்காகத்தான். தொ. பரமசிவன் இதே பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு உப்பையும் எண்ணெயையும் வைத்தே தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றைப் பேசினார். 'அறியப்படாத தமிழகம்' உங்கள் பட்டியலில் இல்லை. கலெக்டர் ஆஷ் கொலையைப் பற்றி ஆ. சிவசுப்பிரமணியன் எழுதியது இல்லை. சரி, அவையெல்லாம் பழசு என்றால், வ.உ.சி. கைதானதும் 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொந்தளித்ததையும், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்ததையும் எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதியின் புத்தகம்? 2024-க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நூல். விருதுச் செய்தியை உங்கள் இதழும் போட்டிருக்குமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் முதலாவதாக நிற்கும் சோழர் வரலாற்றை எழுதிய நீலகண்ட சாஸ்திரி கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். அவரே 1929-இல் எழுதிய பாண்டியர் வரலாற்றை ஏன் விட்டீர்கள்? சோழனுக்கு இருக்கிற இடம் பாண்டியனுக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை. கதை புத்தகம், சினிமா, சிறப்பிதழ் எல்லாம் தஞ்சாவூரோடு நின்றுவிடுகிறது.

1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. அதிலிருந்து பழங்காலத் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரைச் சொன்னால் அது தூத்துக்குடி என்கிறார்கள், பூலித்தேவனின் நெற்கட்டும்செவலைச் சொன்னால் அது தென்காசி என்கிறார்கள். பூலித்தேவனுக்கும் கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஆபீஸ் எல்லை உண்டா? எல்லாவற்றையும் கழித்துவிட்டு எங்களுக்கு அல்வாவை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். திருநெல்வேலி என்று நீங்கள் போட்ட கடைசிச் சிறப்புப் பகுதியும் சாப்பாட்டைப் பற்றியதுதான்.

நூலகத்தில் தேடலாமே என்பீர்கள். தேடினேன். ஒரு நூலகத்தில் கெசட்டியர் பூட்டிய பீரோவுக்குள் இருக்கிறது. கேட்டால், சாவி வைத்திருப்பவர் விடுப்பு. இன்னொரு நாள் போனால் அது வெளியே தரும் புத்தகம் இல்லை, இங்கே உட்கார்ந்து படிக்கவும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவள்தான் நானும்.

இதை வியாபாரத்துக்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்னதில் பாதி என் கடையிலேயே இல்லை. கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். நாலு பேர் பட்டியலில் போட்டால்தானே பதிப்பகத்துக்கும் மறுபடி அச்சடிக்க மனசு வரும்?

நான் கேட்பது அரைப் பக்கம். அடுத்த இதழில் இந்தப் புத்தகங்களின் பெயர், யார் வெளியிட்டார்கள், விலை என்ன, எது இப்போது அச்சில் இல்லை என்று போடுங்கள். கடிதம் நீளம் என்று சுருக்கினால் என் வருத்தத்தை வெட்டிக்கொள்ளுங்கள், புத்தகப் பெயர்களை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
பாளையங்கோட்டை