இன்ஜின் நின்றால் எந்த நிலம்? விமானப் பயிற்சிப் பள்ளிகளின் தலைமைப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைப் பயிற்றுநர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பரில் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே ஒரு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எடுத்த முடிவை எடைபோடுவது எங்கள் நோக்கமல்ல. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த மாணவர்கள், இன்ஜின் நின்றால் நெடுஞ்சாலையைத் தேட வேண்டும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. செஸ்னா 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்து இரண்டு தடங்களும் சேர்ந்தே 7 மீட்டர்தான். அதற்கு மேல் விளக்குக் கம்பங்கள், பெயர்ப்பலகை வளைவுகள், குறுக்கே போகும் மின்கம்பிகள், எதிர்பாராமல் குறுக்கிடும் இருசக்கர வாகனங்கள். சாலை கடைசி வாய்ப்பாக இருக்கலாம், முதல் வாய்ப்பாகப் பழக்க வேண்டாம்.

நாங்கள் கேட்பது இதுதான்: செக்லிஸ்டை ஒப்பிக்க வைப்பதோடு நிற்காமல், கீழே இருக்கும் மண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

பல இடங்களில் இன்ஜின் செயலிழப்புப் பயிற்சி பழகிய ஒரே பொட்டலின் மேல், பழகிய உயரத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நடக்கிறது. மாணவர் 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமத்துக்குத் தகுதி பெறும்போதும் அவருக்குத் தெரிந்த நிலம் அந்த ஒன்றுதான். செஸ்னா 172-இன் எஸ் வகை முழு எடையில், இன்ஜின் இல்லாமல் 68 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் மிதந்தால், காற்றில்லாதபோது 1,000 அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை கடல் மைல் போகும். நேரமாகச் சொன்னால் 80 நொடி. இதற்குள் நிலத்தைத் தேர்ந்து, காற்றைக் கணித்து, இன்ஜினை மீட்கப் பார்த்து, வானொலியில் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி, இருக்கைப் பட்டையை இறுக்கியாக வேண்டும். நிலத்தைத் தேடுவதிலேயே 40 நொடி போனால் மற்றவை எல்லாம் அரைகுறையாகிவிடும். இன்னொன்றையும் சொல்லுங்கள்: பயிற்சியில் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) இழுத்தாலும் இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். உண்மையில் நின்றுபோனால், காற்றில் சுழலும் புரொப்பெல்லர் பின்னுக்கு இழுக்கும். அன்றைக்கு விமானம் பழகியதைவிடச் சீக்கிரம் கீழே வரும்.

மண்ணுக்கு வருவோம். காவிரிப் படுகை வயல் பிப்ரவரி, மார்ச்சில் சம்பா அறுவடை முடிந்து, தரிசாகவோ உளுந்து விதைத்தோ கிடக்கும்போது நல்ல தேர்வு. வரப்புக்கு இணையாக, நீளவாக்கில் இறங்க வேண்டும். அதே வயல் நவம்பரில் சேறு. முன்சக்கரம் புதையும், விமானம் குப்புறக் கவிழும். வேறு வழியில்லாமல் சேற்றில்தான் இறங்க வேண்டும் என்றால், மூக்கை உயர்த்திப் பிடித்துக் குறைந்த வேகத்தில் தொட வேண்டும். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்கள் மேலிருந்து சமதளமாகத் தெரியும், ஆனால் பாத்திக்குப் பாத்தி கரை உண்டு. கோடையில் வறண்ட கண்மாய் நல்ல இடம்தான், சீமைக்கருவேலம் மண்டாத பக்கம் கிடைத்தால். நிலக்கடலைக் காடும் உழாத மானாவாரி நிலமும் பரவாயில்லை. தென்னந்தோப்பு, கரும்பு, ஓரத்தில் பனை வரிசை உள்ள குறுகிய வயல் ஆகியவற்றை ஒதுக்கச் சொல்லுங்கள். ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம் பக்கம் காற்றாலைகள் கண்ணில் படும், அவற்றிலிருந்து கிளம்பும் மின்கம்பிகள் படாது. கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேட வேண்டும். கடந்தே ஆக வேண்டுமென்றால் கோபுரத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும்.

காற்றும் பருவத்தைச் சார்ந்ததே. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்கிலிருந்து, அக்டோபருக்குப் பின் வடகிழக்கிலிருந்து. கிளம்பும் முன்பே இதை மனத்தில் வைத்திருந்தால் வானில் ஒரு கேள்வி குறையும். எதிர்காற்றின் மதிப்பை எண்ணாகவே காட்டுங்கள். எதிர்காற்றால் தரைவேகம் குறைந்து 50 நாட் வேகத்தில் தரையைத் தொடும் விமானத்தைவிட, பின்காற்றில் 70 நாட் வேகத்தில் தொடும் விமானத்தின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இருமடங்கு. உயிர் பிழைப்பதில் நிலத்தின் நீளத்தைவிட இந்தக் கணக்குக்கே பங்கு அதிகம்.

அடுத்தது, பாதி சக்தி. புறப்படும்போதும் அதன் பின்னும் இன்ஜின் முழுதாக நிற்பதைவிட, சக்தி ஓரளவு குறைவது மூன்று மடங்கு அதிகம் நடக்கிறது என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு எழுதியிருக்கிறது. நம் பயிற்சியில் இதற்கு இடம் மிகக் குறைவு. ஊரின் மேல் தள்ளாடியபடி ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசையை அந்த மிச்ச சக்தி தூண்டும். மிச்சம் இருக்கும்வரை அதை நல்ல நிலத்தின் பக்கம் போகச் செலவிட வேண்டும், இருந்த உயரத்தைக் காக்க வேண்டும். கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பகுதி) உள்ள செஸ்னா 152-இலும் பழைய 172-இலும் காரணம் பனியாக இருக்கலாம். வெளியே 30 டிகிரி இருந்தாலும், ஈரக்காற்றில், குறைந்த சக்தியில் பனி கட்டும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் ‘கார்புரேட்டர் ஹீட்’ பிடியை இழுத்ததும் உருகிய நீர் உள்ளே போய் இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். பயந்துபோன மாணவர் உடனே அந்தப் பிடியைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார். தள்ளாமல் காத்திருக்கப் பழக்குங்கள்.

ஓடுபாதையிலிருந்து கிளம்பிய உடன் இன்ஜின் போனால் முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. ஏறிக்கொண்டிருந்த விமானத்தின் வேகம் நொடிகளில் கரையும். திரும்பும் ஆசைக்கு எதிராக ஒரு கணக்கு: 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்) 48 நாட்டிலிருந்து 57 ஆகும். 68 நாட்டில் அப்படித் திரும்பினாலும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 250 மீட்டர். எனவே 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் நிற்போம், இன்னும் திரும்ப வேண்டியிருக்கும். தாழ்வில் நேரே, அல்லது இருபுறமும் 30 டிகிரிக்குள். இதை ஒவ்வொரு முறையும் உருட்டும் முன் வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்.

ஸ்விட்ச் வரிசையில் ஒரு பொறி உண்டு. 172-இன் ஃப்ளாப் (வேகத்தைக் குறைத்து இறங்க உதவும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பு) மின்சாரத்தில் இயங்குகிறது. பதற்றத்தில் மாஸ்டரை, அதாவது முதன்மை மின் ஸ்விட்சை, முதலில் அணைத்தால் ஃப்ளாப் இறங்காது, வேகமும் குறையாது. முதலில் மிக்ஸ்சர் (எரிபொருள் கலவைப் பிடி), எரிபொருள் வால்வு, இக்னிஷன் ஆகியவற்றை அணைக்க வேண்டும், பிறகு ஃப்ளாப், நிலம் கைக்குள் வந்துவிட்டது என்று உறுதியான பிறகே மாஸ்டர். கதவைத் தரை தொடுமுன் தாழ் விலக்கி வைக்க வேண்டும், சட்டம் நசுங்கினால் பிறகு திறக்காது. பைப்பர் பிஏ-28-இல் ஃப்ளாப் கைநெம்புகோல், ஆனால் வலப்பக்கம் ஒரே கதவு. அதில் எரிபொருள் செலக்டருக்கு இரு தொட்டியும் சேர்ந்த நிலை கிடையாது, ஆகவே இன்ஜினை மீட்கும்போது தொட்டி மாற்றுவதே தலையான வேலை. இதையெல்லாம் நிறுத்திய விமானத்தில், கண்ணை மூடிக்கொண்டு கை தேடிப்போகும் வரை பழகலாம். எரிபொருள் செலவு எதுவுமில்லை.

மூன்று மாற்றங்களைக் கோருகிறோம். இன்ஜின் செயலிழப்புப் பயிற்சியை வெவ்வேறு இடங்களில், அறிவிக்காமல், பாதி சக்தியிலும் நடத்துங்கள். உங்கள் பயிற்சிப் பகுதிக்கு மாதவாரியாக நில வரைபடம் ஒன்று தயாரித்து வகுப்பறையில் மாட்டுங்கள். உள்ளூர் விவசாயிகளிடம் கேட்டாலே பாதி வேலை முடியும். இறங்கிய பின் செய்ய வேண்டியதையும் பாடத்தில் சேருங்கள். நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும், இறக்கையிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கலாம். மாணவர் காற்று வரும் திசையில் விலகி நின்று, மக்களைத் தள்ளி நிறுத்தி, பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாமென்று உரக்கச் சொல்லி, 112-ஐ அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
விமானப் பயிற்றுநர்கள் சிலர்