நண்டுக் கம்பெனியும் எட்டுப் பேர் மேசையும்

மண்டபம்

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் நண்டு வரத்து கூடிவிட்டது, உட்கார்ந்து எழுத முடியவில்லை.

ஓசூர் யூனிட்டுக்கு யாருக்குக் கீழே யார் என்று படம் போட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். கட்டம் வரைவதற்கு முன்னால் இரண்டு நாள் ஷாப் ஃப்ளோரில், வேலை நடக்கும் இடத்திலேயே, போய் நில். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்களிடம் அவித்த நண்டில் சதை எடுப்பவர்கள் எல்லாரும் பெண்கள். மேசைக்கு எட்டுப் பேர். ஒரே ஊரிலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள் சேர்ந்து உட்காருவார்கள். போன வருஷம் ஆளாளுக்குத் தனி எடை, தனிக் கணக்கு என்று மாற்றி, மேசைகளையும் கலைத்தோம். கையெழுத்துப் போட்டவன் நான். எடை கூடியது. சதையில் நண்டு ஓட்டுச் சில்லும் கூடியது. கப்பலேறிய சரக்குக்குப் புகார் வந்தது.

பழைய மேசை ஒவ்வொன்றிலும் ஒரு பெரியம்மா இருப்பார். தட்டில் கிடக்கும் சதையை விரல் நுனியால் ஒரு தடவு தடவுவார். கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்தில் மாட்டும், மேசை விளிம்பில் தேய்த்துவிடுவார். அப்புறம் பக்கத்துத் தட்டு, அதற்கடுத்த தட்டு. யாரும் சொல்லி அவர் செய்யவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அந்த வேலை இல்லை. தனிக் கணக்கு வந்ததும் அடுத்தவர் தட்டில் கை வைக்க அவருக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை.

இதே கதை 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லில் நடந்திருக்கிறது. தானியங்கித் தறிக்கூடம், 224 தறி, 12 வகை வேலை. அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள், எந்தத் தறிக்கும் யாரும் முழுப் பொறுப்பில்லை. வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி இயங்குகிறார்கள் என்று ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ. கே. ரைஸ், இத்தனை தறிக்கு ஒரு குழு என்று விடலாமே என்றார். தொழிலாளிகள் தாங்களே கூடிப் பேசி ஆள் சேர்த்துக்கொண்டார்கள். தறி அதேதான், உற்பத்தி கூடி, துணிச் சேதம் குறைந்தது.

நாங்களும் மேசையை அவர்களிடமே விட்டுவிட்டோம். ஊக்கத்தொகையும் சில்லுக் கணக்கும் இப்போது மேசைக்குத்தான். புகார் நின்றது. ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கை வேகம் வராத புதுப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ள மேசைகள் தயங்குகின்றன. முதல் மாதம் அவள் எடையைக் கணக்கில் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம், அது போதவில்லை. உங்கள் பக்கம் புதுப் பையன்களுக்கு என்ன செய்கிறீர்கள்? விவரமாக எழுது.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்தால் ஒரு நாள் கூட இருந்து எங்கள் மேசைகளைப் பார்த்துவிட்டுப் போ. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மண்டபத்து மாப்பிள்ளை