கிணற்றடி அத்தியும் உன் தண்ணீர்த் தொட்டிச் செடியும்

ஆனைமலை
ஞாயிறு மதியம்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கடுதாசி எழுதுற ஆளுங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டது நல்லதுதான், ஆனால் வலி குறைந்துவிட்டதே என்று மாடிப்படி ஏறி இறங்காதே. உன்னைத் தெரியும் எனக்கு. பேத்தியின் அரங்கேற்றத்துக்கு வர முடியாததில் எனக்கும் வருத்தம்தான். அத்தைக்குத் தொண்ணூற்றொன்று ஆகிறது, ஒரு ராத்திரிகூடத் தனியாக விட்டு நகர முடிவதில்லை. படம் அனுப்பு, பெரிதாக.

நீ கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, உங்கள் அடுக்குமாடியின் மேல்தொட்டிச் சுவரில் ஏதோ மரம் முளைத்திருக்கிறது, சங்கத்துக்காரர்கள் ஆசிட் ஊற்றப் போகிறார்கள் என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம். பொறுத்துக்கொள்.

எங்கள் கிணற்றடி அத்தி உனக்கு ஞாபகம் இருக்கும். மறுவீட்டு விருந்துக்கு நீ வந்தபோது அதன் நிழலில்தான் பந்தி. பட்டுப்புடவையில் பழம் விழுந்து கறையாகி, சாயங்காலம்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அந்த மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்று கொழுந்தனார் ஆறு மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறார். வேர் கிணற்றுச் சுவரைப் பிளக்கிறது, புதுக் கார் மேல் வௌவால் எச்சம், பழம் அழுகி வாசலெல்லாம் ஈ. எல்லாம் உண்மைதான். "தின்னவும் ஆகாது, விக்கவும் ஆகாது, எதுக்கு அண்ணி இந்த மரம்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் மரத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் உன்னிடம் ஒரு மன்னிப்பு. நீ கடிதம் எழுதுவது அத்தி பூத்தாற்போல என்று இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். அந்த மரம் வருஷத்தில் பல தடவை பூக்கிறதடி. நமக்குத்தான் தெரிவதில்லை. அடிமரத்திலும் கிளையிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, நாம் காய் என்று நினைக்கிற அதுதான் பூங்கொத்து. வெளிப்பக்கம் உள்ளே போகும்படி கவிழ்த்த பை மாதிரி. சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது ஒன்றைப் பறித்து அரிவாள்மனையில் இரண்டாக நறுக்கினேன். உட்சுவர் முழுக்க இளஞ்சிவப்பாக, பட்டுத்துணியின் விளிம்பு பிசிறினாற்போல, ஆயிரக்கணக்கில் பூ. நுனியில் செதில் செதிலாக மூடிய ஒரு வாய். பேரனின் போனில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த வாயில் கண்ணாடித் துணுக்கு மாதிரி இரண்டு இறக்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இறக்கைக்குச் சொந்தக்காரி உள்ளே இருந்தாள். எள்ளளவு குளவி. செத்துப்போயிருந்தாள்.

அவள் கதை இது. மார்பில் இருக்கும் இரண்டு சின்னப் பைகளில் வேறொரு அத்தி மரத்தின் மகரந்தத்தை அடைத்துக்கொண்டு வருகிறாள். வாசனையை வைத்து மரத்தைக் கண்டுபிடித்து, அந்த வாயில் முட்டி மோதி நுழையும்போது இறக்கை பிய்ந்துவிடும். இனி வெளியே போக வழியில்லை. உள்ளே பூக்களில் மகரந்தத்தைப் பூசுகிறாள், சூலில் முட்டையும் இடுகிறாள். தண்டு குட்டையான பூக்களின் அடிவரை அவளுடைய முட்டையிடும் ஊசி எட்டும், அங்கே குஞ்சு வளரும். நீளத் தண்டுப் பூவில் எட்டாது, அது விதையாகும். குளவிக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு என்று பத்திரம் எழுதாத பாகப்பிரிவினை. நம் குடும்பங்களில் இப்படிச் சத்தமில்லாமல் நடந்து பார்த்ததுண்டா?

சில வாரம் கழித்து ஆண் குளவிகள் முதலில் வெளிவருகின்றன. அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பார்க்க வெளுத்த எறும்பு மாதிரி. காய்க்குள்ளேயே பெண்களோடு கூடி, பிறகு காயின் சுவரைக் கடித்துத் துளை போட்டுக் கொடுத்துவிட்டுச் சாகின்றன. அந்தத் துளை வழியாகப் பெண்கள் மகரந்தத்தோடு பறக்கின்றன. அதன் பிறகுதான் காய் சிவந்து, இளகி, இனிக்க ஆரம்பிக்கிறது. உள்ளே குடித்தனம் இருக்கும்வரை எந்தக் கிளியும் வந்து கொத்திவிடாமல் மரம் காயைக் கசப்பாகவே வைத்திருக்கும் போலிருக்கிறது. "அத்திப்பழத்தைப் புட்டா அத்தனையும் சொத்தை"ன்னு அத்தை சொல்வார்கள். அந்தச் சொத்தை இல்லையென்றால் பழமே இல்லை. சமணர்கள் அத்தி, ஆல், அரசு வகைப் பழங்களை உண்ணக்கூடாது என்று விலக்கியதும், உள்ளே உயிர் இருப்பதைப் பார்த்துத்தான். லென்ஸ் இல்லாத காலத்தில் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! (அத்திக்காய்ப் பொரியல் சாப்பிட்டதை எண்ணி இப்போது கலவரப்படாதே. போனது போகட்டும்.)

இதோடு முடிந்தால் தேவலை. வெளியிலிருந்து திருடவும் வேறு குளவிகள் வருகின்றன. அவை உள்ளே நுழைவதில்லை. காயின் மேல் உட்கார்ந்து, தன் உடம்பை விட நீளமான முடி போன்ற ஊசியைச் சுவருக்குள் செலுத்தி, உள்ளே இருக்கும் பூவிலோ குஞ்சின் மேலோ முட்டையிட்டுவிடும். காயோ நல்ல கெட்டி. எப்படித் துளைக்கிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள்: ஊசி முனையில் துத்தநாகம் சேர்ந்து கடினமாகியிருக்கிறதாம். இந்தத் திருட்டுக் குளவிகளைப் பிடித்துத் தின்பது யார் தெரியுமா? முசுறு, மரத்தில் இலைக்கூடு கட்டுமே அந்தச் செவ்வெறும்பு. கொழுந்தனாரின் ஜென்ம விரோதி. போன மாதம் கிளையைக் கழிக்கிறேன் என்று ஏறி, பாதி மரத்தில் வேட்டியை உதறிக்கொண்டு இறங்கினாரே, அதே முசுறுதான். குளவியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மரம் விட்டு மரம் போகும் நூல்புழுக்களும் உண்டு, பஸ்ஸில் போகிற மாதிரி. அவற்றுக்கென்று ஒரு கதை. அதை விட்டுவிடுகிறேன்.

பழுத்தபின் பத்துப் பதினைந்து நாள் இங்கே திருவிழா. விடியுமுன்பே குக்குறுவான் ஆரம்பித்துவிடும். பிறகு மைனா, குயில், கிளி, அணில். சாம்பல் இருவாச்சி ஜோடி ஒன்று வந்துவிட்டால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவேன். அது பழத்தை அலகு நுனியில் பிடித்து, மேலே எறிந்து, தொண்டையில் வாங்கும் அழகுக்கு அது தகும். மேலே வால்பாறைக் காடுகளில் பெரிய இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் இருந்தபடி வாயைப் பூசி அடைத்துக்கொண்டு அடைகாக்கும்போது, ஆண் கொண்டுவந்து ஊட்டுவதில் பெரும்பங்கு இந்த வகைப் பழங்கள்தான். மற்ற மரங்கள் பருவம் பார்த்துப் பழுக்கும். அத்தி, ஆல் வகைகளில் ஏதாவது ஒரு மரம் எப்போதும் பழுத்திருக்கும், அதனால் பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டி மாதிரி. ராத்திரி பழந்தின்னி வௌவால்கள். காலையில் வாய்க்காலில் விழுந்ததை மீன் மொய்க்கும். தமிழய்யா நடத்திய சங்கப்பாட்டு நினைவிருக்கிறதா? ஆற்றங்கரை அத்தியிலிருந்து விழுந்த ஒற்றைப் பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைத்ததைப் போல, ஊர்வாயில் தான் நசுங்குவதாக ஒருத்தி சொல்வாளே. நாம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். நண்டு எதற்கு அத்திப்பழத்திடம் வந்தது என்று அன்றைக்கு ஒருத்தியும் கேட்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்ததே வேறு. போன தை மாதம் மரம் நிறையக் காய் பிடித்தது. ஒன்றும் பழுக்கவில்லை. பிஞ்சாகவே மஞ்சளித்துப் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஒரு கூடை வாரினேன். நறுக்கிப் பார்த்தால் உள்ளே பூ காய்ந்திருக்கிறது, ஒரு குளவி இல்லை. நல்ல ஈரமான மண், குறையில்லாத தண்ணீர், நோயும் இல்லை. பிறகெதனால்? அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு மரத்தின் காய்கள் அநேகமாக ஒரே சமயத்தில் முதிரும். பறந்து போகும் குளவிக்கு ஆயுள் ஒருநாளோ இரண்டு நாளோ. அதற்குள் சரியான பருவத்தில் இளங்காய் பிடித்த வேறொரு அத்தி மரம் கிடைக்க வேண்டும். அரச மரம் கிடைத்தால் பயனில்லை, அதற்குத் தனிக் குளவி. ஆக, எங்கள் கிணற்றடி மரம் பழுப்பது, நான் பார்த்தேயிராத எங்கோ ஓர் அத்தியில் அந்த வாரம் குளவி கிளம்புகிறதா என்பதைப் பொறுத்தது. அந்த எங்கோ நிஜமாகவே தூரமாக இருக்கலாம். நமீப் பாலைவனத்தில் ஆற்றோரங்களில் மட்டும் நிற்கும் அத்திகளைச் சோதித்தபோது, அந்தப் பூச்சி காற்றில் மிதந்து 160 கிலோமீட்டர்வரை போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது. எள்ளளவு உடம்பு, இரண்டு நாள் ஆயுள்!

சாலையை அகலப்படுத்தியபோது பாதையோரத்தில் நின்ற அத்திகள் எல்லாம் போய்விட்டன. அதற்கு அடுத்த வருஷம்தான் இந்தக் கொட்டல். இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று கொழுந்தனார் சிரிக்கிறார். மழை பிசகினாலும் குளவி வராது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சித்திரையில் பிடித்த காய் ஒழுங்காகப் பழுத்தது. ஆனாலும் அந்தக் கூடையைப் பார்த்ததிலிருந்து மரத்தைத் தனி மரமாகப் பார்க்க முடியவில்லை.

வெள்ளைக்காரர்களும் இதில் ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டார்கள். 1880-களில் கலிபோர்னியாவில் துருக்கியின் இஸ்மிர் பக்கத்துச் சீமையத்திப் பதியன்களை ஆயிரக்கணக்கில் வாங்கி நட்டார்கள். மரம் வளர்ந்தது, காயெல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தது. துருக்கி விவசாயிகள் காட்டத்திக் காய்களைக் கோத்து மரத்தில் தொங்கவிடுவார்கள், அதில் ஒரு பூச்சி இருக்கிறது என்று சொன்னவர்களைக் கேலி செய்தார்கள். கடைசியில் 1899-இல் அந்தக் குளவியையே கொண்டுவந்து குடியமர்த்திய பிறகுதான் பழம் கண்டார்கள். மியாமியில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். நிழலுக்காக வைத்த, அத்தி வகையைச் சேர்ந்த ஆசிய இச்சி மரங்கள் வருஷக்கணக்கில் சாதுவாக நின்றன. 1970-களில் எப்படியோ அதன் குளவியும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு சுவர், பாலம், கூரை எங்கு பார்த்தாலும் இச்சிக் கன்று.

இப்போது உன் தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறேன். அந்தச் சுவரில் முளைத்தது ஆலோ அரசோ இச்சியோ, அதற்குத் தாய் மரம் ஒன்று பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அந்தத் தாய்க்கு மகரந்தம் அனுப்பிய இன்னொரு மரம் இருக்கிறது. நடுவில் மாம்பலத்துப் புகையையும் கட்டடங்களையும் தாண்டி ஒரு குளவி பறந்திருக்கிறது. பழத்தைத் தின்ற மைனாவோ காக்கையோ உங்கள் தொட்டி மேல் உட்கார்ந்து எச்சமிட்டிருக்கிறது. நீ உன் தெருவில் மரமே இல்லை என்று புலம்புகிறாயே!

விட்டுவை என்று சொல்லவில்லை. வேர் விட்டால் தொட்டி ஒழுகும், அப்புறம் சங்கத்துக்காரர்கள் உன்னைத்தான் திட்டுவார்கள். ஆசிட் மட்டும் வேண்டாம், குடிக்கிற தண்ணீர். சாணளவு இருக்கும்போதே சுவரை நனைத்துவிட்டு வேரோடு பெயர்த்தால் வந்துவிடும். காவலாளியைப் பெயர்க்கச் சொல், நீ ஏறாதே. ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் வைத்துப் பார்.

இங்கே வழக்கு ஒருவழியாக ஆறியிருக்கிறது. நேற்று அத்தை கயிற்றுக்கட்டிலைத் தூக்கி மரத்தடியில் போடச் சொல்லி, அதில் படுத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்கள்: "என்னைத் தூக்கினதுக்கப்புறம் வெட்டிக்கோ." கொழுந்தனார் காரைக் களத்துப் பக்கம் நிறுத்துகிறார். கிணற்றுச் சுவருக்கு மேஸ்திரி வரும் திங்கள் வருகிறான். பழம் இன்னும் பத்து நாளில் சிவக்கும்.

அந்தச் செடியின் இலையில் நீளமாக வால் இருந்தால் அரசு. தடித்து அகலமாக இருந்தால் ஆல். சின்னதாகப் பளபளவென்று இருந்தால் இச்சியாக இருக்கும். ஓர் இலையைக் கிள்ளி அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு. போனில் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கடிதத்தை ஏமாற்றாதே.

உன்
சரோஜா