சிம்னியை அளப்பவருக்குக் கூலி யார் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைப் புகையைப் பற்றி எப்போது புகார் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "சோதனை பண்ணியாச்சு, எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கு." அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவன் நான். ஒரு தனியார் ஆய்வகத்தில் ஒன்பது வருடம் சிம்னி ஏறி மாதிரி எடுக்கும் வேலை பார்த்தேன்.

சிம்னியில் ஏணி போய்ச் சேரும் இடத்தில் ஒரு மேடையும் பக்கத்தில் ஒரு துளையும் இருக்கும். துளைக்குள் குழாயை விட்டுப் புகையை உறிஞ்ச வேண்டும். குழாயில் விரல் உறை மாதிரி ஒரு சின்ன வடிகட்டி, திம்பிள் என்போம். அதை முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு தூசி என்று தெரிந்துவிடும். இதில் முக்கியம் வேகம். புகை எந்த வேகத்தில் மேலே போகிறதோ அதே வேகத்தில் உறிஞ்ச வேண்டும். வேகத்தைக் கூட்டினால் கனமான துகள்கள் குழாய்க்குள் திரும்பாமல் நேரே போய்விடும், தூசி குறைவாகக் காட்டும். பொய்க் கணக்கு எழுதவே வேண்டாம், குமிழைக் கொஞ்சம் திருகினால் போதும்.

எங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. நாங்கள் போகும் தேதி ஆலைக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். அன்றைக்கு பாய்லர் பாதி லோடில் ஓடும், தூசியைப் பிடிக்கும் பேக் ஃபில்டரில் புதுப் பைகள் மாட்டியிருக்கும். ஒருமுறை அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. அங்கிருந்த மேலாளர், "இன்னொரு தரம் எடுத்துடுங்க தம்பி" என்றார். எடுத்தோம். இரண்டாவது அளவுதான் அறிக்கையில் போனது. பில் தொகை தருவது அந்த ஆலை, அடுத்த வருட ஆர்டரும் அவர்கள் கையில். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. இன்றைக்கும் உறுத்துகிறது.

இது ஓர் ஆய்வகத்தின் கதை மட்டும் இல்லை என்பதற்கு குஜராத்தில் சான்று இருக்கிறது. அங்கே 1996இல் உயர்நீதிமன்ற உத்தரவால், ஆலைகளின் மாசை அளந்து சொல்லும் தனியார் தணிக்கை முறை வந்தது. அப்போது தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுத்து ஆலையே கூலி கொடுத்தது. 2009 முதல் 2011 வரை அகமதாபாத், சூரத் வட்டாரங்களில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பொருளாதார ஆய்வாளர்களும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தூசி வரம்பை மீறுவதாகத் தணிக்கையாளர்கள் காட்டியது நூற்றுக்கு 7 ஆலைகள். தனிக் குழு போய் அளந்தபோது மீறியவை 59! தணிக்கை அறிக்கைகளில் இருந்த எண்களோ வரம்பான கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் என்ற அளவுக்குச் சற்றுக் கீழே வந்து குவிந்திருந்தன.

அப்புறம் பாதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். எந்த ஆலைக்கு யார் போவது என்பது குலுக்கலில் முடிவானது. கூலி பொதுநிதியிலிருந்து வந்தது. அளந்ததில் சிலவற்றை வேறொரு குழு மறுபடி அளந்து சரிபார்த்தது. அதே தணிக்கையாளர்கள் உண்மையை எழுதத் தொடங்கினார்கள், ஆலைகளும் புகையைக் குறைத்தன. 2015இல் குஜராத் குலுக்கல் முறையை விதியாகவே ஆக்கிவிட்டது. நம் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதைச் செய்ய என்ன தடை? கட்டணத்தை ஆலைகளே கட்டட்டும், ஆனால் வாரியத்திடம் கட்டட்டும். எந்த ஆய்வகம் போகும், எந்த நாள் போகும் என்பது ஆலைக்குத் தெரியக் கூடாது.

முன்கூட்டித் தகவல் சொல்லத்தான் வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், பிரிவு 26, அப்படிச் சொல்லவில்லை. வாரிய அதிகாரி மாதிரி எடுக்கும்போது அந்த இடத்திலேயே நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

இப்போதுதான் சிம்னியிலேயே தொடர் கண்காணிப்புக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். அதிகம் மாசுபடுத்தும் 17 வகை ஆலைகள் அதைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பவருக்கும் ஆலைதான் கூலி கொடுக்கிறது என்றால், பழைய கதையேதான்.

நான் இருப்பது கடலூர் சிப்காட் பக்கம். 2009இல் மத்திய வாரியம் மிக மோசமாக மாசுபட்ட இடங்களைப் பட்டியல் போட்டபோது கடலூரும் அதில் இருந்தது. அதற்கும் முன்பு, 2004இலேயே, இங்குள்ள கிராமத்துக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து, அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நாற்றம் வந்த நேரத்திலேயே பிடித்ததால்தான் அது சிக்கியது. எங்கள் தெருவில் நாற்றம் வருவது பெரும்பாலும் ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் அந்த நேரத்தில் சிம்னி ஏறியதில்லை. வாரியம் குழுவை அனுப்பும்போது, அந்த நேரத்துக்கும் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வக ஊழியர்,
கடலூர்