பெயர் சொல்லாமல் சென்ற சகோதரிக்கு

ஆராதனை முடிந்து எல்லோரும் சென்ற பின்னும் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்த என்னருகே வந்து உட்கார்ந்த சகோதரிக்கு, கர்த்தருக்குள் என் நன்றி. வேலையில் அடைந்த தோல்வியால் என்மேல் எனக்கிருந்த நம்பிக்கை போயிருந்தது. கைகொடுப்பார்கள் என்று நினைத்தவர்களும் விலகியிருந்தார்கள். "உங்களால் முடியும்" என்று நீங்கள் சொல்லவில்லை. அதனாலேயே உங்களுக்குச் செவிகொடுத்தேன். ஓரங்கள் நைந்த உங்கள் வேதாகமத்தில் பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து, பென்சிலால் அடிக்கோடிட்ட வரிகளின்மேல் விரல் வைத்து, எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன் என்று தன் பெருமைகளை அடுக்கிய பவுல், கிறிஸ்துவை அறிகிற மேன்மைக்காக அவை அனைத்தையும் நஷ்டமென்று எண்ணியதை நிதானமாக வாசித்துக் காட்டினீர்கள். அதை அவர் சிறைக் காவலில் இருந்தபடி எழுதினார் என்று நீங்கள் சொன்னபோதுதான், என் நம்பிக்கை இத்தனை நாளும் என் சாதனைகளையும் பிறர் பாராட்டையும் பற்றிக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. எரேமியா 17ஆம் அதிகாரம் மனுஷனை நம்புகிறவனை வறண்ட வெளியின் செடிக்கும், கர்த்தரை நம்புகிறவனைத் தண்ணீரண்டை நாட்டப்பட்ட மரத்துக்கும் ஒப்பிடுவதையும் காட்டினீர்கள். இன்றும் பயம் வருகிறது. வரும்போது, எனக்காகச் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவரை நோக்கி ஜெபிக்கிறேன். உங்கள் பெயரைக் கேட்க அன்று தோன்றவில்லை. ஜெபத்தில் "அந்தச் சகோதரி" என்றே உங்களைச் சொல்லிவருகிறேன்.