ஹாக்கி அப்பா அம்மாக்களுக்கு: அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை

நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் பெண் பிள்ளைகளை ஹாக்கிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நம்மூர்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஹாக்கி அணிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று வரம்பு வைக்கச் சொல்லி, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புக்கு அனுப்புவதற்காக ஒரு மனு நம் வாட்ஸப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலர் எனக்குத் தனியாகவும் அனுப்பி, ஏன் இன்னும் உங்கள் பெயரைக் காணோம் என்று கேட்கிறீர்கள். ஆளுக்கொரு பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை, அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். போடப் போவதில்லை. காரணம் கொஞ்சம் நீளம்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. என் மகளும் பதினொன்றாம் வகுப்பு, அவளும் இதே வரிசையில்தான் நிற்கிறாள். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன்னில் பெண்கள் ஹாக்கி வைத்திருக்கும் கல்லூரிகளே எண்பது பக்கம்தான் இருக்கும். ஹைஸ்கூலில் ஸ்டிக் பிடிக்கும் பெண்கள் நாடு முழுக்க சுமார் 60 ஆயிரம் பேர். இந்த லட்சணத்தில் ஒரு நல்ல அணியின் பட்டியலைத் திறந்தால் சொந்த ஊர் என்ற இடத்தில் ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், புவனோஸ் அயர்ஸ் என்று வந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அதுவும் நம் வரிப்பணத்தில் நடக்கும் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நம்மில் பலர் சரியாகக் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது, இந்த விஷயத்தில் நீங்கள் சொல்வதைவிட நிலைமை மோசம் என்றே சொல்வேன். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15இலிருந்துதான் கோச்சுகள் நம் பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசலாம், சரி. அன்றிலிருந்து ஓடி, கேம்ப் கேம்ப்பாகப் போய், பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்னாலேயே பல பிள்ளைகள் ஒரு கல்லூரிக்கு வாய்வார்த்தையாகச் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவர்கள் வேறு எங்கும் தேடுவதில்லை. ஆனால் கோச் தேடுவதை நிறுத்துவதில்லை. அடுத்த வருஷம் குளிர்காலத்தில் ஒரு ஏஜென்சி நெதர்லாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ பத்து நிமிஷ வீடியோ ஒன்று அனுப்புகிறது, அந்தப் பெண் பள்ளி முடித்து உள்ளூர் கிளப்பில் தன்னைவிட வயதில் மூத்த பெண்களோடு ஆடிக்கொண்டிருப்பவள், ஆகஸ்டில் வந்து இறங்குகிறாள், நம் பெண் ஆட நினைத்திருந்த அதே இடத்தில் நிற்கிறாள். இப்போதெல்லாம் கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியிலிருந்து வரும் இருபத்தொரு வயதுக்காரி வேறு. இரண்டு வருஷம் முன்னாலேயே வாக்குக் கொடுத்தவளுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. இது அநியாயம்தான், இதைப் பற்றி மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அதுவல்ல. வெளிநாட்டுக்காரி இத்தனை பேருக்குமேல் வேண்டாம் என்கிறீர்கள். அப்படி ஒரு வரம்பு வந்தால் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்துவிடுமா?

இடம் எங்கே போயிற்று என்று பாருங்கள். கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் சமரசம் ஆனதல்லவா, அதை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் ஹாக்கி அணியில் 27 பேருக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்னால் ஆள் எண்ணிக்கைக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது, ஸ்காலர்ஷிப்புக்குத்தான் கணக்கு, 12 முழு ஸ்காலர்ஷிப்பைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் பத்துப் பைசா கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அணியோடு இருக்கிறேன், பிராக்டிஸுக்கு வருகிறேன் என்று சேர்ந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களுக்கான கதவுதான் இப்போது சாத்தப்பட்டது. கதவைச் சாத்தியது ஒரு டச்சுப் பெண்ணா? அதே சமரசத்தின்படி ஒரு கல்லூரி முதல் வருஷம் தன் விளையாட்டு வீரர்களுக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை பிரித்துக் கொடுக்கலாம். அதில் பெரும்பகுதி அமெரிக்க ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகும், ஹாக்கிக்கு என்ன மிஞ்சும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, கோச் ஏன் அங்கே போகிறார்? பலபேர் சொல்வதுபோல் சீப்பாக முடியும் என்பதால் இல்லை. வெளிநாட்டு மாணவிக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது, பல்கலைக்கழகம் கேட்கும் முழுத் தொகைக்கும் அவள் வழி தேட வேண்டும், அதனால் ஸ்காலர்ஷிப் பணத்தில் பெரிய துண்டை அவளுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதையும் மீறி எடுக்கிறார் என்றால் வேறு ஏதோ இருக்கிறது. என்ன என்பதை ஒரு கல்லூரி ஆட்டத்தில் கண்ணால் பார்த்தேன். நடுக்களத்தில் ஆடிய ஒரு நெதர்லாந்துப் பெண், பந்து தன்னிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டாள்; பந்து ஸ்டிக்கில் பட்டபோது உடம்பு பாதி திரும்பியிருந்தது, யாருக்குக் கொடுப்பது என்பது முடிவாகியிருந்தது, கொடுத்தும் விட்டாள். நம் பிள்ளைகள் முதலில் பந்தை நிறுத்துவார்கள், அப்புறம் தலையைத் தூக்குவார்கள், அதற்குள் எதிர் அணிக்காரி முன்னால் வந்து நிற்பாள். என் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் எத்தனை கோல் போட்டாள் என்று அவள் சொல்லவில்லை, "பின்னால யாரு வர்றாங்கன்னு எப்படிப்பா தெரியுது அவளுக்கு?" என்றுதான் கேட்டாள்.

ஆறேழு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் மேட்ச் ஆடினால் தெரியும். நெதர்லாந்தின் மொத்த ஜனத்தொகை ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் மேலே. அவர்களுடைய ஹாக்கி சங்கத்தில் சுமார் இரண்டரை லட்சம் உறுப்பினர்கள். சின்ன ஊரிலும் கிளப் இருக்கும், செயற்கைப் புல் மைதானம் இருக்கும், பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே போய்வரும், வருஷச் சந்தா சில நூறு யூரோ. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு தங்கமும் அவர்களுக்கே போனது சும்மா இல்லை. இங்கே? நிறையப் பள்ளிகளில் இன்னும் புல் தரை, இல்லாவிட்டால் ஃபுட்பாலுக்காகப் போட்ட, கறுப்பு ரப்பர் துகள் தெறிக்கும் டர்ஃப். அதில் பந்து தத்திக்கொண்டு போகும், சீக்கிரம் செத்துவிடும். கல்லூரியில் தண்ணீர் தெளித்த டர்ஃப், பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு வரும். அந்த வேகத்தை முதல் தடவையாகப் பதினெட்டு வயதில் பார்க்கும் பிள்ளைக்கு அது வேறு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலை நோக்கி வீசும் டிராக் ஃபிளிக்கைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல டர்ஃபில் தினமும் ஒரு மணி நேரம் வேண்டும், அதை எந்தப் பள்ளி கொடுக்கிறது? பெனால்டி கார்னருக்கு ஆள் வேண்டும் என்று கோச் விமானம் ஏறாமல் என்ன செய்வார்?

கிளப்பில் கற்றுக்கொள்ளலாமே என்பீர்கள். கற்றுக்கொள்ளலாம், பணம் இருந்தால். கிளப் கட்டணம், இண்டோர் சீசன், மூன்று மாநிலம் தாண்டி நடக்கும் போட்டிகளுக்கு ஹோட்டல், குதிரை விலைக்கு ஸ்டிக்! நம்மால் எப்படியோ கட்ட முடிகிறது. அதே டவுனில் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள் என்று நம் குழுவில் யாரும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களை விலக்கியது எந்த வெளிநாட்டுக்காரி?

நன்றாக ஆடும் உள்ளூர்ப் பிள்ளைகளை யாரும் ஒதுக்கவும் இல்லை. பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டிலிருந்து போன எரின் மாட்சன் நார்த் கரோலினா பல்கலைக்கழக அணியில் ஆடி நான்கு தடவை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கி, 22 வயதில் அதே அணிக்குத் தலைமைக் கோச்சாகி, 2023இல் முதல் சீசனிலேயே மறுபடியும் பட்டம் வாங்கினார். 2024இல் பட்டம் வென்ற நார்த்வெஸ்டர்ன் அணியின் மேடி ஜிம்மர் ஹெர்ஷிக்காரர், சாக்லேட் வாங்கப் போவோமே அதே ஊர். இவர்களெல்லாம் வெளிநாட்டுப் பெண்களை வாராவாரம் எதிர்த்தும், அவர்களோடு ஒரே அணியில் ஆடியும் தேறியவர்கள். இந்த நாட்டில் பெண்கள் ஹாக்கிக்கு சம்பளம் கொடுக்கும் லீக் எதுவும் கிடையாது, தேசிய அணிக்குப் போகும் பிள்ளை உரம் ஏறுவது கல்லூரி மைதானத்தில்தான். 2019இல் புவனேஸ்வரில் இந்தியாவிடம் தோற்று அமெரிக்கா டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் போனது நம்மில் பலருக்கு நினைவிருக்கும், நான் அன்றைக்கு இந்தியாவுக்குத்தான் கைதட்டினேன். 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த பாரிஸ் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் திருப்பிக் கொடுத்தார்கள்: 1-0, அந்த ஒரு கோலைப் போட்ட அபிகெயில் டேமர் அப்போது மிச்சிகன் பல்கலைக்கழக மாணவி. பாரிஸுக்கு அமெரிக்கா போனது, இந்தியப் பெண்கள் போகவில்லை. கல்லூரி ஆட்டத்தின் தரத்தைக் குறைத்துவிட்டு 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் நன்றாக ஆட வேண்டும் என்றால் எப்படி?

இந்த ஆட்டமே இங்கே வந்தது ஒரு வெளிநாட்டுப் பெண்ணோடுதான், 1901இல் இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ கல்லூரி கல்லூரியாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தது. அதை விடுங்கள், பழைய கதை. நம் கதைக்கு வருவோம். நம்மில் பாதிப் பேர் எச்1பியில் வந்தவர்கள். 2025 செப்டம்பரில் அந்த விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த வாரம் இதே குழுவில் என்ன பேசினோம் என்று கொஞ்சம் மேலே தள்ளிப் படித்துப் பாருங்கள். திறமைக்குத்தானே கூப்பிட்டார்கள், யார் சோற்றில் மண்ணைப் போட்டோம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதே விரல்களால் இந்த மனுவையும் எப்படித் தட்டச்சு செய்ய முடிகிறது?

என்ன செய்யலாம் என்று கேட்டால், கோச்சிடம் வாயைத் திறந்து கேளுங்கள். என் மகள் ஆடும் இடத்தில் இப்போது யார் யார், எந்த வருஷம் முடித்துப் போகிறார்கள்? அவள் சம்மதித்த பிறகும் அதே இடத்துக்கு ஆள் தேடுவீர்களா, தேடினால் அவளுக்கு எப்போது சொல்வீர்கள்? போன நான்கு வருஷத்தில் முதலாண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை அணியில் இருந்தார்கள்? மழுப்பினால் அதுவே பதில், அடுத்த கல்லூரியைப் பாருங்கள். டிவிஷன் த்ரீ என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அணிகள் 150க்கு மேல், ஆட்டமும் சளைத்ததல்ல. அங்கே ஆடும் மிடில்பரி கல்லூரியின் ஆட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். பள்ளிக் கல்விக்குழுக் கூட்டத்தில் அடுத்த டர்ஃப் பற்றிப் பேச்சு வரும்போது ஃபுட்பால் அப்பாக்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள், நாமும் போய் உட்காரலாம். மனுவை எழுதியவர்கள் விரும்பினால், சம்மதம் சொன்ன பிள்ளைக்குக் கல்லூரியும் எழுத்தில் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று அதைத் திருத்தி எழுதித் தருகிறேன், இந்த வாரமே உட்காரலாம்.

கடைசியாக ஒன்று. மனுவோடு சேர்த்து ஒரு கல்லூரி அணியின் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒரு பெண்ணின் முகத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு யாரோ அனுப்பியிருக்கிறீர்கள். நம் பிள்ளைகளும் அந்தக் குழுவைப் பார்க்கிறார்கள். இன்று ராத்திரிக்குள் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்மின் என்ற முறையில் நானே நீக்குவேன்.