குழாய் உள்ளே இருந்ததா என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மூத்த அண்ணருக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீக்கம். சிறுநீர் போகும் வேகத்தை அளந்து கொடுத்த துண்டுகள் இரண்டு அவரிடம் இருக்கின்றன. முதலாவதில் உச்ச வேகம் செக்கனுக்கு 13 மில்லிலீற்றர்; கோடு மேடாக ஏறி இறங்குகிறது. பிந்தியதில் 8, கோடு படுத்தே கிடக்கிறது. அதைப் பார்த்த மகள் அன்றிரவே கனடாவிலிருந்து ஒப்பரேஷனுக்கு நாள் கேட்கத் தொடங்கிவிட்டாள். அண்ணர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

விசாரித்தால், முதலாவது புனல் வைத்த கருவியில் அவராகவே பெய்தது. மற்றது, சிறுநீர்ப்பையின் அமுக்கத்தை அறிவதற்காகச் சிறுநீர் வழியால் மெல்லிய குழாய் விட்டு, அது உள்ளே இருக்கும்போதே பெய்யச் சொல்லி எடுத்தது. துண்டில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

நான் கல்லோயா வாய்க்கால்களில் நீரோட்டம் அளந்தே தலை நரைத்தவன். அளக்க இறங்குபவன் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். கருவிக்கு நேரே காலை ஊன்றினால் வருவது வாய்க்காலின் வேகமல்ல. குழாயின் தடிப்பைச் சொல்லும் ‘பிரெஞ்ச்’ அளவில் 6 என்றால் 2 மில்லிமீற்றர் தடிப்பு. வீங்கிய சுரப்பி ஏற்கெனவே நெரித்து வைத்திருக்கும் வழியில் அது சின்ன விடயமா? போதாததற்கு எரிச்சல், ஆசனவாயில் இன்னொரு குழாய், பக்கத்தில் ஆட்கள். இளந்தாரிக்கே வராது!

அந்தப் பரிசோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. வேகம் குறைந்தது அடைப்பாலா, சிறுநீர்ப்பை பலம் குன்றியதாலா என்பதை வேகத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது. அமுக்கமும் தெரிய வேண்டும். அதனால்தான் குழாயில்லாமல் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பரிசோதித்த வைத்தியருக்கு இது தெரியும். துண்டோடு வீட்டுக்குப் போகிறவருக்கும், அடுத்த கிளினிக்கில் அதைப் புதிதாகப் பார்ப்பவருக்கும் எப்படித் தெரியும்?

பெய்த மொத்த அளவையும் பார்க்க வேண்டும். 150 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் வேகக் கணக்கை நம்புவது கடினம். நம் முதியவர்களோ பஸ்ஸில் அவதிப்படக் கூடாதென்று தண்ணீர் குடிக்காமலே கிளினிக்குக்கு வருகிறார்கள்.

வாட்டில் குழாய் போட்டுச் சிறுநீர் சேரும் பை கட்டியிருப்பவர்களின் சங்கதி வேறு. அங்கே சிறுநீர் தானாக வடிகிறது. பெய்யும் வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மணிக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஆனால் குழாய் கட்டிலுக்குக் கீழே வளைந்து தொங்கினால் சிறுநீர் அந்த வளைவில் தேங்கி, பையில் அளவு குறைத்துக் காட்டும். கூட நிற்பவர்கள் கலங்குவதற்கு முன் தாதியிடம் சொல்லி அதை நேராக்கிவிடலாம்.

நான் கேட்பது பெரிய செலவல்ல. படிவத்தில் ‘குழாயுடன்’, ‘குழாயின்றி’ என்று இரண்டு கட்டங்கள், அருகே குழாயின் அளவுக்கு ஓர் இடம். புதிய படிவம் அச்சாகி வரும்வரை, பரிசோதனை செய்பவர் பேனையால் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.